வானொலியின் ஒரு நாள்

நாட்டின் பொது வானொலியை அறிய விரும்பும் ஒருவர், அதன் சட்டங்களையும் ஆண்டறிக்கைகளையும் புரட்டுவதற்கு முன்னர், ஒரே ஒரு நாளின் நிகழ்ச்சி நிரலைப் படித்துப் பார்ப்பது நல்லது. விடியற்காலையில் மங்கல இசை, அதன் பின் பக்திப் பாடல்கள், செய்தி, உழவர்க்கு வானிலையும் விலை நிலவரமும், பள்ளி மாணவர்க்குப் பாடம், நண்பகலில் மகளிர் நிகழ்ச்சி, மாலையில் இளைஞர்க்கும் ஆலைத் தொழிலாளர்க்கும் தனித்தனி நேரம், இரவில் நாடகம், கச்சேரி, நாடாளுமன்ற நடவடிக்கைகளின் தொகுப்பு. முதற் பார்வைக்கு இது பலசரக்குக் கடைப் பட்டியல் போலவே தோன்றும். எந்த நேயரும் இவை அனைத்தையும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதுமில்லை. அவ்வாறிருக்க, இவ்வளவு பலதரப்பட்ட நிகழ்ச்சிகளை ஒரே நாளுக்குள் அடுக்கி வைப்பதன் காரணம் யாது? அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கமாகும்.

தோற்றமும் முதல் பாடமும்

இந்தியாவில் ஒலிபரப்பு ஆர்வலர்களின் முயற்சியாகவே தொடங்கிற்று. 1923-ஆம் ஆண்டில் பம்பாயிலும், 1924-ஆம் ஆண்டில் சென்னையிலும் வானொலி மன்றங்கள் சிறிய கருவிகளைக் கொண்டு ஒலிபரப்பு நடத்தின. 1927 ஜூலை 23 அன்று, இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனத்தின் பம்பாய் நிலையம் தொடங்கப்பட்டது. அடுத்த மாதமே கல்கத்தா நிலையமும் செயற்படலாயிற்று. ஆனால், பெட்டி வைத்திருப்போர் செலுத்தும் உரிமக் கட்டணத்தைப் பெரிதும் நம்பியிருந்த அக்கம்பெனி மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. 1930 மார்ச்சில் அது கலைக்கப்பட்டது. அடுத்த மாதம் அரசே ஒலிபரப்பை ஏற்றது. 1936 ஜூன் 8 முதல் அது அகில இந்திய வானொலி என்னும் பெயர் பெற்றது.

'ஆகாசவாணி' என்னும் பெயருக்கு வேறொரு பிறப்பு உண்டு. மைசூரில் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-இல் தம் சொந்த முயற்சியால் நடத்திய நிலையத்திற்கு வழங்கிய பெயர் அது. பின்னர் அது நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. 2023 முதல் அப்பெயர் ஒன்றையே பயன்படுத்துவது என முடிவு செய்யப்பட்டது.

கம்பெனியின் வீழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு. கட்டணம் செலுத்த இயன்றோர் அன்று நகரங்களில் வாழ்ந்த ஒரு சிலரே. அவர்களை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய நாட்டில் ஒலிபரப்பை வளர்க்க இயலவில்லை. கட்டணம் செலுத்த இயலாதவனுக்கும் வானொலி போய்ச் சேர வேண்டுமாயின், அதன் செலவைச் சமுதாயம் முழுவதும் ஏற்க வேண்டும் என்பது அப்போதே வெளிப்பட்டது.

விடுதலை பெற்ற 1947-இல் டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, லக்னோ ஆகிய ஆறு நிலையங்களே இருந்தன. நிலப்பரப்பில் 2.5 சதவிகிதமும், மக்கள் தொகையில் 11 சதவிகிதமுமே அவற்றின் எல்லைக்குள் அடங்கின. பின்னர் அடைந்த வளர்ச்சியில் 23 மொழிகளும் 179 வட்டார வழக்குகளும் ஒலிபரப்பில் இடம்பெற்றன. நிலப்பரப்பில் ஏறத்தாழ 92 சதவிகிதத்தையும், மக்களில் 99 சதவிகிதத்தினரையும் வானொலி எட்டியதாக அந்நிறுவனம் கணக்கிட்டுள்ளது. இந்த வளர்ச்சியின் பொருளை உணர, 1970-களிலும் 80-களிலும் நிலவிய ஒரு நாளின் அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் பல கூறுகள் இன்றும் தொடர்கின்றன.

விடியற்காலை

ஆறு மணிக்குச் சற்று முன்னர் நிலையத்தின் அடையாள இசை எழும். சிவரஞ்சனி இராகத்தின் சாயலுடைய இவ்விசையை அமைத்தவர் வால்டர் காஃப்மன் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. செக் மண்ணில் பிறந்த யூதரான அவர், 1934-இல் பம்பாய்க்கு வந்து, அந்நகர வானொலியில் மேனாட்டு இசைப் பிரிவில் பணியாற்றியவர். தன் நாட்டை விட்டு வந்த ஒருவர் தந்த மெட்டு, பல கோடி இந்தியர்க்கு விடியலின் அடையாளமாயிற்று. அடுத்து 'வந்தே மாதரம்', அதனைத் தொடர்ந்து மங்கல இசை. தெற்கே நாதசுரம், வடக்கே ஷெனாய் என இடத்திற்கேற்பக் கருவி மாறும், முறை மாறுவதில்லை.

நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு, அதற்குள் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் அதன் சொந்தக் குரல் என்னும் கொள்கை இங்கேயே தொடங்குகிறது. தேசிய அளவு, மாநில அளவு, உள்ளூர் அளவு என மூன்று அடுக்குகளாக ஒலிபரப்பு பின்னர் வகுக்கப்பட்டது. உள்ளூர் அடுக்கின் முதல் நிலையம் 1984 அக்டோபர் 30 அன்று நாகர்கோவிலில் தொடங்கப்பட்டது.

செய்தி நேரம்

காலைச் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாகப் பல மொழிகளில் டெல்லியிலிருந்து எழும்பின. 1974 ஜூன் 30 முதல் சமஸ்கிருதச் செய்தியும் இவ்வரிசையில் சேர்ந்தது. காலை ஏழேகால் மணிக்குத் தமிழ்ச் செய்தி. சரோஜ் நாராயணசுவாமியின் அழுத்தமான உச்சரிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரி செய்துகொண்ட குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். டெல்லியில் படிக்கப்பட்ட செய்தியைச் சிற்றலை வழியே மாநில நிலையங்கள் பெற்று, மத்திய அலையில் மீண்டும் ஒலிபரப்பின. காற்றின் இரைச்சலும் ஏற்ற இறக்கமும் அக்குரலோடு கலந்தே வந்தன. இன்சாட் செயற்கைக்கோள்கள் வந்த பின்னரே இக்குறை நீங்கிற்று.

செய்தியின் பயன் அரசியலோடு முடிவதில்லை. வெள்ள எச்சரிக்கையும், கடலோர நிலையங்களில் மீனவர்க்கான வானிலை அறிவிப்பும் செய்தியைச் சார்ந்தவையே. நகரவாசிக்கு அவை பொருளற்ற சில சொற்கள். கட்டுமரத்தைத் தள்ளிச் செல்லவிருக்கும் மீனவனுக்கோ அன்று கடலுக்குச் செல்வதா, கரையில் இருப்பதா என்னும் உயிர்ப் பிரச்சினை. இரண்டு நிமிடம் மட்டுமே ஒலிக்கும் அந்த அறிவிப்பை எத்தனை பேர் கேட்டனர் என்று எண்ணுவதால் அதன் மதிப்பை அளந்துவிட முடியாது.

உழவர் நேரம்

அன்றாட நிரலில் வளர்ச்சிப் பணியோடு நேரடித் தொடர்புடைய பகுதி வேளாண் ஒலிபரப்பேயாகும். இதன் வரலாற்றில் இரு நிகழ்ச்சிகளை மாணவரும் அலுவலரும் சற்று விரிவாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது, 1956-இல் பூனா வட்டாரத்தில் யுனெஸ்கோவின் துணையோடு நடந்த வானொலி வேளாண் மன்றச் சோதனை. மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேர் அளவிலான ஒரு மன்றம் அமைக்கப்பட்டது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, பத்து வாரங்களில், வாரத்திற்கு இரண்டாக இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. உறுப்பினர்கள் ஓரிடத்தில் கூடிக் கேட்டனர். கேட்டதும் கலைந்து செல்லாமல் விவாதித்தனர். தங்கள் ஐயங்களையும் முடிவுகளையும் நிலையத்திற்கு எழுதியனுப்பினர். அவற்றிற்கான விடைகள் பின்னர் வந்த நிகழ்ச்சிகளில் இடம்பெற்றன. கேட்டல், விவாதித்தல், செய்தல் என்பதே அம்மன்றங்களின் முறை.

டாடா சமூக அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்து பால் நியூராத் நடத்திய மதிப்பீட்டில், மன்றம் அமைந்த கிராமங்களும் அமையாத கிராமங்களும் ஒப்பிடப்பட்டன. மன்றக் கிராமங்களில் வேளாண்மை பற்றிய அறிவு குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்திருந்தது. பெட்டியை மட்டும் பெற்று மன்றம் இல்லாத ஊர்களில் அவ்வளவு மாற்றம் காணப்படவில்லை. இதனின்று தெரிவது யாது? கருவியை வழங்குவதால் மட்டும் செய்தி மனத்தில் பதிந்துவிடாது. கேட்டவர் பேசுவதற்கும், அவர் பேச்சு திரும்பி நிலையத்தை அடைவதற்கும் வழி இருத்தல் வேண்டும். இம்முயற்சி 1959-இல் நாடு தழுவிய திட்டமாக விரிவாக்கப்பட்டது. ஆயினும், பூனாவில் கிடைத்த நெருங்கிய கவனிப்பு எல்லா இடங்களிலும் தொடரவில்லை; பெட்டி பழுதாகியும், மன்றத்தைக் கூட்டுவாரின்றியும் பல மன்றங்கள் பெயரளவில் நின்றுபோயின.

இரண்டாவது நிகழ்ச்சி தஞ்சையில் நிகழ்ந்தது. 1960-களின் நடுவில், ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் குறுவைப் பருவத்திற்கு அறிமுகப்படுத்தப்பட்டது. தீவிர வேளாண்மைத் திட்டம் அம்மாவட்டத்தில் அப்போது நடைமுறையில் இருந்தது. திருச்சி வானொலி இப்புதிய நெல்லின் நாற்றங்கால், நடவு, உரமிடும் அளவு, பயிர்ப் பாதுகாப்பு ஆகியவற்றைப் பருவத்தோடு ஒட்டித் தொடர்ந்து எடுத்துரைத்தது. விதை வாங்கச் சென்ற உழவர்கள் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்கவில்லை. 'ரேடியோ நெல்' வேண்டும் என்றே கேட்டனர். விஞ்ஞானிகள் இட்ட பெயரை விட்டு, செய்தியைக் கொண்டுவந்த பெட்டியின் பெயரையே மக்கள் ஒரு பயிருக்கு இட்டு வழங்கியது, ஒலிபரப்பாளர்க்குக் கிடைத்த உயரிய சான்று எனின் மிகையாகாது.

ஆயினும், இவ்வெற்றி வானொலியால் மட்டும் விளைந்ததன்று என்பதையும் குறிப்பிட வேண்டும். சொன்ன விதை கடையில் கிடைத்தது. சொன்ன உரம் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. ஐயம் தீர்க்க விரிவாக்க அலுவலர் ஊருக்கு வந்தார். இவற்றுள் ஒன்று தவறியிருப்பினும், அடுத்த பருவத்தில் அந்நிகழ்ச்சியை உழவர் நம்பியிருக்க மாட்டார். 1966 முதல் நிலையங்களில் அமைக்கப்பட்ட பண்ணை இல்லப் பிரிவுகள், வேளாண் துறையோடு இணைந்து நிகழ்ச்சிகளைத் தயாரிக்க முற்பட்டதற்கு இதுவே காரணம்.

நண்பகலும் மாலையும்

பள்ளி ஒலிபரப்பு 1930-களின் இறுதியிலிருந்தே நடந்து வருவது. ஆய்வுக்கூடமோ, சிறந்த ஆங்கில உச்சரிப்போ கிட்டாத சிற்றூர்ப் பள்ளிகளுக்கு அது ஓர் உதவி ஆசிரியர் போல் அமைந்தது. மகளிர் நிகழ்ச்சிகள் குழந்தை வளர்ப்பையும் சத்துணவையும் குடும்ப நலத்தையும் உரையாடல் வடிவில் கூறின. இவற்றின் குறை, பல நேரங்களில் எழுத்து நடையிலேயே பேசியதும், அடுப்படிக்கு அப்பாலுள்ள பெண்களின் உழைப்பை, வயலிலும் ஆலையிலும் அவர்கள் செய்யும் வேலையைப் போதிய அளவு பேசாததுமாகும்.

1969 ஜூலை 21 அன்று டெல்லியில் 'யுவவாணி' தொடங்கப்பட்டது. இளைஞரே எழுதி, இளைஞரே பேசி நடத்தும் நிகழ்ச்சி என்பது அதன் சிறப்பு. மாலை நேரத்தில் ஊராட்சிப் பூங்காவின் ஒலிபெருக்கி வழியே மாநிலச் செய்தியும் கிராம நிகழ்ச்சியும் ஒலிக்க, வேலை முடிந்து திரும்பியோர் நின்று கேட்டுச் சென்ற காட்சி தமிழ்நாட்டின் பல ஊர்களில் இயல்பானதாக இருந்தது. சொந்தப் பெட்டி இல்லாதவர்க்கும் வானொலி உண்டு என்னும் கொள்கை அங்கே கண்கூடாயிற்று.

இசையும் நேயரின் தீர்ப்பும்

நாள்தோறும் ஒலிபரப்பாகும் நேரத்தில் பெரும் பங்கு இசைக்கே உரியது. சமஸ்தானங்களின் ஆதரவு மறைந்தபோது, இசைவாணர்க்குப் பொது வானொலியே புரவலராயிற்று. 1952-இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. சனிக்கிழமை இரவுகளில் இந்துஸ்தானிக் கலைஞரைத் தெற்கும், கருநாடக இசைக் கலைஞரை வடக்கும் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. அதே ஆண்டு வாத்திய விருந்தா என்னும் தேசியப் பல்லிசைக் குழு, பண்டித ரவிசங்கர், டி.கே. ஜெயராம ஐயர் ஆகியோரின் வழிநடத்துதலில் உருவாயிற்று.

இதே காலத்தில் ஒரு தவறும் நிகழ்ந்தது. தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்கிறது எனக் கருதினார். 1952-இல் அதன் ஒலிபரப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டு, விரைவில் அறவே மறைந்தது. நேயர்கள் செவ்விசைக்குத் திரும்புவர் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ பெட்டியின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர், 1957 அக்டோபர் 3 அன்று, 'விவித பாரதி' தொடங்கப்பட்டது. மெல்லிசை, திரையிசை, குறுநாடகம், படைவீரர்க்கான 'ஜெயமாலா' எனப் பல்சுவை கொண்ட அந்நிகழ்ச்சி இழந்த நேயரை மீட்டது. 1967 முதல் அதில் விளம்பரமும் இடம்பெற்றது.

மற்றொரு தீர்ப்பைக் கல்கத்தா நேயர்கள் வழங்கினர். மஹாளய அமாவாசை விடியலில், பீரேந்திர கிருஷ்ண பத்ரரின் குரலில் ஒலிக்கும் 'மகிஷாசுரமர்த்தினி' 1930-களின் தொடக்கம் முதல் வங்காளியர் வீடுகளில் ஒரு வழிபாடாகவே நிலைபெற்றிருந்தது. 1976-இல் அதனை நீக்கி, புகழ்பெற்ற திரைக் கலைஞர் உத்தம்குமாரைக் கொண்டு புதிய நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பப்பட்டது. மக்களின் எதிர்ப்பு எழவே, பழைய நிகழ்ச்சியையே மீண்டும் ஒலிபரப்ப நேர்ந்தது. திரையிசையை நீக்கிய முடிவும், பழைய நிகழ்ச்சியை மாற்றிய முடிவும் நேயரைக் கேளாமலே எடுக்கப்பட்டவை. முன்னதில் நேயர் விலகிச் சென்றனர். பின்னதில் உரிமையோடு முறையிட்டனர். வானொலிக்கு அதிக நம்பிக்கை தருவது இரண்டாவதேயாகும். விலகிச் சென்றவர் ஒரு சொல்லும் சொல்லாமலே போய்விடுகிறார்.

இரவும் நம்பகமும்

இரவு எட்டே முக்காலுக்கு இந்தியிலும், ஒன்பது மணிக்கு ஆங்கிலத்திலும் விரிவான செய்திகள். பின்னர் உரை, நாடகம், கச்சேரி. கதிரவன் மறைந்தபின் வானத்தின் மேலடுக்குகள் மத்திய அலைகளைத் திருப்பி அனுப்புவதால், தொலைவிலுள்ள நிலையங்களும் இரவில் கேட்கும். வேற்றூரில் பணியாற்றும் ஒருவர் தம் தாய்மொழியைத் தேடிப் பெட்டியின் முள்ளை நகர்த்தும் நேரம் அது.

தொலைவிலிருப்போரிடம் பேசும் இவ்வாற்றலை நாட்டின் தந்தையும் பயன்படுத்தினார். 1947 நவம்பர் 12 அன்று, குருக்ஷேத்திரத்தில் தங்கியிருந்த அகதிகளிடம் நேரில் செல்ல இயலாத நிலையில், காந்தியடிகள் டெல்லி ஒலிபரப்பு மாளிகைக்கு வந்து பேசினார். வீடிழந்தோர்க்காகவே அவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். அந்நாள் பொதுப்பணி ஒலிபரப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வாற்றல் தவறாகப் பயன்பட்ட காலமும் உண்டு. 1975 முதல் 1977 வரை நீடித்த நெருக்கடி நிலையின்போது செய்தி ஆட்சியாளரின் குரலாகவே ஒலித்தது. 1977-இல் வெளியான வெள்ளை அறிக்கை இதனைப் பதிவு செய்தது. பி.ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் தன்னாட்சி பெற்ற அமைப்பைப் பரிந்துரைத்தது. 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997-இல் நடைமுறைக்கு வந்தது. இதற்கிடையே 1995-இல் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச் சொத்து எனத் தீர்ப்பளித்தது. சட்டம் வந்ததாலேயே தன்னாட்சி முழுமை பெற்றுவிட்டதாகக் கொள்ள முடியாது. நிதிக்கு அரசை நம்பியிருக்கும் நிலை தொடர்கிறது. காலையில் சொன்ன செய்தியை ஐயுறும் நேயர், மாலையில் சொல்லும் உரமிடும் முறையையும் ஐயுறுவார். ஆகவே செய்தியின் நேர்மை வளர்ச்சிப் பணிக்கும் அடிப்படையாகும்.

இன்றைய வினா

2001 முதல் தனியார் பண்பலை நிலையங்களும், பின்னர் கல்லூரிகளும் தொண்டு நிறுவனங்களும் நடத்தும் சமுதாய வானொலிகளும் பெருகியுள்ளன. நேயர் தாம் விரும்பும் பாடலைக் கைப்பேசியில் விரும்பும் நேரத்தில் கேட்கின்றனர். பழைய மத்திய அலைக் கருவிகள் பல நிறுத்தப்பட்டுள்ளன. பண்பலையின் ஒலி தூயது. ஆனால் அதன் வீச்சு குறுகியது, மலைகள் அதனை மறைக்கும். டிஜிட்டல் முறை மத்திய அலை ஒலிபரப்பைச் சாதாரணப் பெட்டிகள் பெறுவதில்லை. கைப்பேசிச் செயலியோ இணையம் கிட்டும் இடத்தில் மட்டுமே பயன்படும். புயலில் மின்சாரமும் கோபுரங்களும் வீழ்ந்த இரவில், இரண்டு மின்கலங்களால் இயங்கும் எளிய பெட்டிக்கு ஈடான கருவி ஏழையின் வீட்டில் வேறில்லை. ஒரு கருவியை நிறுத்தும் முன், அதன் எல்லைக்குள் யார் வாழ்கின்றனர், அவர்கள் மாற்றாகப் பெறப்போவது யாது என்று கணக்கிடுவது நிருவாகத்தின் கடமை.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்போது விடை கூறலாம். வானொலியின் ஒரு நாள் பலசரக்குப் பட்டியல் அன்று. நிரலின் ஒவ்வொரு கால் மணி நேரமும், சந்தை தேடி வராத ஒரு பிரிவினர்க்குச் சமுதாயம் அளித்துள்ள உறுதிமொழியாகும். உழவன், மீனவன், சிற்றூர் மாணவன், சில ஆயிரம் பேர் மட்டுமே பேசும் மலைமொழியினர், பெரும் சபைகளில் இன்னும் பாடியிராத இளங்கலைஞர் ஆகியோர் அந்நிரலில் தத்தம் இடத்தைப் பெற்றுள்ளனர். நேயர் எண்ணிக்கையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், முதலில் வெட்டப்படுவது இவர்களின் நேரமே. எண்ணிக்கையை அறவே புறக்கணித்தாலோ, 1952-இல் நடந்தது போல, யாரும் கேளாத அலையில் நல்லுரைகள் வீணாகும். இவ்விரண்டிற்கும் இடையே வழி காண்பதற்கு, பூனா மன்றங்களின் அனுபவம் இன்றும் துணை நிற்கிறது. நேயர் சொல்வதைக் கேட்கும் வானொலியையே நேயரும் கேட்பர். அந்தப் பண்பு நிலைத்திருக்குமாயின், கருவிகள் எத்தனை முறை மாறினும், விடியலில் எழும் அந்தப் பழைய மெட்டிற்குக் காத்திருப்போர் இந்நாட்டில் என்றும் இருப்பர்.